நாடாளுமன்றப் பேச்சு நாளிதழுக்கு வந்த வழி: ஃபெரோஸ் காந்தியின் எட்டு ஆண்டுகள்

மக்களவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, ஒரு தொழிலதிபரின் பெயரைச் சொல்லி, பொதுப்பணத்தை முறைகேடாகப் பயன்படுத்தினார் என்று குற்றம் சாட்டுகிறார். மறுநாள் காலை அந்தப் பேச்சு நாளிதழில் வருகிறது. பேசிய உறுப்பினர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது என்பது பலருக்கும் தெரியும். அதை அச்சிட்ட நாளிதழ் மீது போட முடியுமா? ஒளிபரப்பிய தொலைக்காட்சி மீது? அவையில் காரசாரமான விவாதம் நடக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விகள் எழுகின்றன. ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் வேகமாகப் பரவுகின்றன.

சரியான பதிலைத் தேடிப் போனால், 1956இல் இயற்றப்பட்ட ஒரு சிறிய சட்டத்தில் போய் நிற்போம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அரசாங்கமன்று. ஆளுங்கட்சியின் பின்வரிசையில் அமர்ந்திருந்த, அமைச்சர் பதவி எதையும் வகிக்காத ஓர் உறுப்பினர். நேருவின் மருமகன், இந்திராவின் கணவர் என்ற உறவுமுறைகளாலேயே அதிகம் நினைக்கப்படும் ஃபெரோஸ் காந்திதான் அவர். 1952 முதல் 1960 வரை எட்டே ஆண்டுகள் மக்களவையில் இருந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் நிகழ்த்திய சில உரைகள் இந்திய நாடாளுமன்ற விவாதத்துக்குப் புதிய தரத்தை வகுத்தன. உறவுமுறையை ஒதுக்கிவிட்டு அவருடைய பணியை மட்டும் பார்ப்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.

முதலில் சில சொற்கள்

பின்னால் வரும் நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள ஐந்து சொற்களின் பொருள் தெளிவாக இருக்க வேண்டும்.

1. பின்வரிசை உறுப்பினர்: அமைச்சராகவோ கட்சியின் அவைப் பொறுப்பாளராகவோ இல்லாத உறுப்பினர். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், அரசின் செயல்களைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு.

2. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி: அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பதில் வந்ததும் அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகள் எழுப்பலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வரும். அதில் துணைக் கேள்விக்கு இடமில்லை. முன்கூட்டியே எழுதி வைத்த பதிலைத் தாண்டி அமைச்சரைப் பேச வைப்பது துணைக் கேள்விதான் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

3. தனிநபர் மசோதா: அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வரைவு. மக்களவையில் இதற்கு வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். தமிழ்நாட்டு உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியும்கூட அது சட்டமாகவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் வேறு வடிவில் சட்டம் இயற்றியது.

4. அவை உரிமை: அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் ஓர் உறுப்பினரை விசாரிக்க முடியாது என்ற பாதுகாப்பு. அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு இதை வழங்குகிறது. அவையின் அதிகாரத்தின் பேரில் வெளியிடப்படும் அறிக்கைகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அதாவது, அவைச் செயலகம் அச்சிடும் நடவடிக்கைத் தொகுப்புக்குப் பாதுகாப்பு உண்டு. ஒரு தனியார் நாளிதழ் தானாக எழுதும் செய்திக்கு அந்தப் பிரிவில் பாதுகாப்பு இல்லை.

5. அவைக் குறிப்பிலிருந்து நீக்கம்: அவதூறானவை, நாகரிகமற்றவை என்று சபாநாயகர் கருதும் சொற்களை நடவடிக்கைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது. நீக்கப்பட்ட சொற்கள் அவை நடவடிக்கையின் பகுதியாகக் கருதப்பட மாட்டா.

அவைக்கு வந்த வழி

1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் பார்சி குடும்பமொன்றில் பிறந்த ஃபெரோஸ், அலகாபாத்தில் வளர்ந்தார். 1930இல் கல்லூரிப் படிப்பை விட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். பைசாபாத் சிறையில் அவருடன் இருந்தவர்களுள் லால் பகதூர் சாஸ்திரியும் ஒருவர். பின்னர் லண்டனில் படித்தார்; 1942 மார்ச்சில் இந்திராவை மணந்தார்; அதே ஆண்டு மீண்டும் சிறை. 1946இல் லக்னோவிலிருந்து வெளிவந்த நேஷனல் ஹெரால்டு நாளிதழின் நிர்வாக இயக்குநரானார். 1952இல் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1957இல் ரேபரேலியிலேயே மீண்டும் வென்றார்.

இதில் நாளிதழ் நிர்வாக அனுபவத்தைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் செய்தியைப் போட்டால் வழக்கறிஞர் கடிதம் வரும், எந்த வரிக்கு ஆசிரியர் தயங்குவார் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் அமர்ந்தவருக்கு அன்றாடம் தெரியவரும் விஷயங்கள். பின்னாளில் அவர் எழுதிய சட்டத்தில் அந்த அனுபவத்தின் தடம் இருப்பதாகவே தோன்றுகிறது.

மக்களவையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1955 டிசம்பரில் நிலைமை மாறியது.

1955 டிசம்பர்: பிரீமியம் போன வழி

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பள்ளி ஆசிரியர் மாதந்தோறும் பிரீமியம் கட்டுகிறார். நிறுவனம் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் கொடுக்க வேண்டியது 20 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பணம் நிறுவனத்திடம் இருக்கிறது. இப்படி லட்சக்கணக்கானோர் கட்டும் சிறு தொகைகள் சேர்ந்து பெரு நிதியாகின்றன. நிதியின் சொந்தக்காரர் பாலிசிதாரர். அதை எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுப்பவர் நிறுவனத்தை நடத்துபவர். இவ்விருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் முறைகேடு நுழைகிறது.

1955 டிசம்பர் 6 அன்று காப்பீட்டுச் சட்டத் திருத்தத்தின் மீதான விவாதத்தில் ஃபெரோஸ் காந்தி பேசியது இதைப் பற்றித்தான். தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் நிதி, குழுமத்தின் பிற தேவைகளுக்கு எப்படித் திருப்பிவிடப்பட்டது என்பதை நிறுவனப் பெயர்களோடும் தொகைகளோடும் அவர் விளக்கினார். காணாமற்போன தொகை இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். இன்றைய மதிப்பில் அது மிகப் பெரிய தொகை. டால்மியா மீது நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1962இல் அவருடைய தண்டனை உறுதியானது. அந்தக் குழுமத்தின் நிறுவனங்களை ஆராய 1956இல் அமைக்கப்பட்ட ஆணையத்துக்குப் பின்னர் நீதிபதி விவியன் போஸ் தலைமை வகித்தார்.

அந்த உரைக்குப் பின் ஆறு வாரங்கள் கழித்து, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதை வானொலியில் அறிவித்தார். 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது, இந்திய நிறுவனங்கள், வெளிநாட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்புச் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள் அதில் இணைக்கப்பட்டன. ஒரே ஓர் உரையால்தான் தேசியமயமாக்கம் வந்தது என்று சொல்வது மிகை. அரசுக்குள் அந்த யோசனை ஏற்கெனவே இருந்தது. ஆனால் பாலிசிதாரரின் பணம் எப்படிச் சூறையாடப்படுகிறது என்பதை ஆதாரத்தோடு அவையின் முன் வைத்து, அந்த முடிவுக்கான நியாயத்தை நாடறியச் செய்ததில் அந்த உரைக்குப் பெரும் பங்கு உண்டு.

1956: 24ஆம் எண் சட்டம்

அந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாளிதழ் ஆசிரியர் அன்று என்ன யோசித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பேசிய உறுப்பினருக்கு 105ஆம் பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது. அச்சிடும் நாளிதழுக்கு அப்படி எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. நேர்மையான செய்திக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்ற பழைய பிரிட்டிஷ் பொதுச் சட்டக் கோட்பாட்டை நீதிமன்றத்தில் வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். எதிரில் நிற்பவரோ பெரும் செல்வந்தர். இதற்கும் மேலே, நாட்டின் பெரிய நாளிதழ் ஒன்றே டால்மியா-ஜெயின் குழுமத்தின் வசம் இருந்த காலம் அது.

இந்த நிலையில்தான் ஃபெரோஸ் காந்தி ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 1956 மே மாதம் அது நாடாளுமன்ற நடவடிக்கைகள் (வெளியீட்டுப் பாதுகாப்பு)ச் சட்டம் ஆயிற்று. அந்த ஆண்டின் 24ஆம் எண் சட்டம். ஒரே பக்கத்தில் அடங்கிவிடக்கூடிய அந்தச் சட்டத்தின் உள்ளடக்கம் இவ்வளவுதான்:

1. நாடாளுமன்றத்தின் எந்த அவையின் நடவடிக்கையைப் பற்றியும் சாராம்சத்தில் உண்மையான அறிக்கையை நாளிதழில் வெளியிட்டதற்காக எவர் மீதும் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது.

2. தீய நோக்கத்தோடு வெளியிடப்பட்டது என்று நிரூபிக்கப்பட்டாலோ, வெளியீடு பொதுநலனுக்கு உகந்ததாக இல்லாவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது.

3. வானொலி வழியாக ஒலிபரப்பப்படும் செய்திக்கும் இதே பாதுகாப்பு உண்டு. செய்தி நிறுவனங்கள் நாளிதழ்களுக்காகத் தயாரிக்கும் அறிக்கையும் இதில் அடங்கும்.

ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. 'முழுமையாக உண்மையான' என்று எழுதியிருந்தால், மூன்று மணி நேர விவாதத்தை அரைப் பத்தியில் சுருக்கும் எந்தச் செய்தியாளரும் தப்ப முடியாது. 'சாராம்சத்தில் உண்மையான' என்று எழுதியதால், சுருக்குவதற்கு இடம் கிடைத்தது. திரிப்பதற்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்து, தீய நோக்கம் 'நிரூபிக்கப்பட்டால்' என்ற சொல் நிரூபிக்கும் சுமையை வழக்குப் போடுபவர் தோளில் வைக்கிறது. தான் நல்லெண்ணத்தோடு எழுதியதாக நாளிதழ் நிரூபிக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. அது நாடாளுமன்றத்தை மட்டுமே தழுவியது. மாநிலச் சட்டமன்றங்களைத் தொடவில்லை. பாட்னாவின் சர்ச்லைட் நாளிதழ் 1957 மே மாதம் பீகார் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசியதை, அவைத்தலைவர் நீக்கச் சொன்ன பகுதிகளோடு சேர்த்து அச்சிட்டபோது, அதன் ஆசிரியர் உரிமை மீறல் நடவடிக்கையை எதிர்கொள்ள நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1958 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவையின் பக்கமே நின்றது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

முந்த்ரா விவகாரம்: விவாதம் படிப்படியாக வளர்ந்த விதம்

ஃபெரோஸ் காந்தியின் பெயரோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிட்ட விவாதம் முந்த்ரா விவகாரம். ஒரு நாடாளுமன்றக் கேள்வி எப்படி ஒரு நிதியமைச்சரின் பதவி விலகல் வரை வளர்ந்தது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் குறைவு. ஆகவே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா, கடன் வாங்கி நிறுவனங்களின் பங்குகளைக் குவித்து, அந்தப் பங்குகளையே ஈடாக வைத்து மேலும் கடன் வாங்கி வளர்ந்தவர். 1957 நடுப்பகுதியில் அவர் கடும் பண நெருக்கடியில் இருந்தார். அந்த ஜூன் மாதத்தில் எல்.ஐ.சி. அவரோடு தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு அவரிடமிருந்தே வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்டிரீட், ஆஸ்லர் லேம்ப், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அந்த ஆறு. பேச்சு தொடங்கிச் சில நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு காப்பீட்டு நிறுவனம் பங்கு வாங்குவதில் தவறில்லை. இங்கே எழுந்த சந்தேகங்கள் வேறு.

1. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவின் ஆலோசனையைக் கேட்ட பிறகே இத்தகைய கொள்முதல் நடந்திருக்க வேண்டும். வாங்கி முடித்த பிறகுதான் குழுவுக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது.

2. பணமுடையில் இருப்பவர் மொத்தமாக விற்க வந்தால், பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம் இருக்கும். இங்கோ வாங்கும் நாளுக்குச் சற்று முன்பு அந்தப் பங்குகளின் விலை ஏறியது. ஏறிய விலையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

3. பொதுச் சந்தையில் சிறிது சிறிதாக வாங்காமல், ஒரே மனிதரிடம் நேரடியாக வாங்கப்பட்டது. அப்படியானால் கொள்முதலின் நோக்கம் முதலீடா, அந்த மனிதரைத் தூக்கி நிறுத்துவதா?

1957 செப்டம்பர் 4 அன்று ராம் சுபக் சிங் என்ற காங்கிரஸ் உறுப்பினர் இதைப் பற்றி மக்களவையில் கேட்டார். வந்த பதிலில் முழு விவரம் இல்லை. நவம்பர் 29 அன்று கேள்வி மறுபடி எழுந்தபோது, துணைக் கேள்விகளின் நெருக்குதலில் விவரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன்பு விளக்கிய நட்சத்திரக் கேள்வியின் பயனை இங்கே நேரில் காணலாம். முதல் பதில் எதை விட்டுவிட்டது என்பதை இரண்டாம் பதில் காட்டிக்கொடுத்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே முழு விவாதத்துக்குக் காரணமாயிற்று.

டிசம்பர் 16 அன்று அந்த விவாதம் நடந்தது. எதிரே நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.): சென்னையைச் சேர்ந்தவர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் பங்காற்றியவர், நேருவின் அமைச்சரவையில் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று என்று மதிக்கப்பட்டவர். பேசத் தொடங்கும்போதே ஃபெரோஸ் காந்தி, இன்று தாம் கடுமையாகத் தாக்கப் போவதாகவும், அதைவிடக் கடுமையான பதிலடியை எதிர்பார்ப்பதாகவும், எதிர்த்தரப்பிடம் டி.என்.டி. வெடிமருந்து தாராளமாக இருப்பது தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். டி.டி.கே. என்ற பெயரோடு ஒலிக்கும் அந்தச் சொல்லின் குறிப்பை அவை உடனே புரிந்துகொண்டது. அடுத்த கணமே பேச்சு விஷயத்துக்கு வந்துவிட்டது. தான் படைத்தவற்றுள் மிகப் பெரிய, மிகச் செல்வாக்கு மிக்க நிதி நிறுவனத்தின் மீது நாடாளுமன்றம் கண்காணிப்பும் கட்டுப்பாடும் செலுத்தியாக வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் அடித்தளம். அதன் பின் தேதி, விலை, நிறுவனம், கடிதப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

எல்.ஐ.சி. உருவாகக் காரணமான விவாதத்தில் முன்னணியில் நின்றவரே, அது பிறந்து பதினாறு மாதங்கள் முடிவதற்குள் அதன் மீது குற்றச்சாட்டைக் கொண்டுவந்தார். தனியார் கையிலிருந்து பாலிசிதாரரின் பணத்தை மீட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. பணத்தை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கேள்வி அதேதான் என்ற இந்த நிலைப்பாட்டையே அவருடைய நாடாளுமன்றப் பணியின் உயிர்நாடி என்று கருதுகிறேன். தொழிலதிபரைத் தாக்குவது எதிர்க்கட்சிக்காரருக்கு எளிது. தன் கட்சி அரசின், தன் மாமனாரின் அமைச்சரவையின் முடிவைத் தாக்குவதற்கு வேறு வகை உறுதி வேண்டும்.

சாக்ளா ஆணையம் எழுதி வைத்த நெறிகள்

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்ட ஒருநபர் ஆணையத்தை அரசு அமைத்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் உள்ளே கொள்ளாமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆணையங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு வியப்பாக இருக்கும்: பிப்ரவரி 10 அன்று, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், அறிக்கை வந்துவிட்டது.

கல்கத்தா பங்குச் சந்தையை நிலைப்படுத்தவே பங்குகள் வாங்கப்பட்டன என்ற விளக்கத்தைச் சாக்ளா ஏற்கவில்லை. நிதித் துறையின் முதன்மைச் செயலர் எச்.எம். படேல் கொள்முதலை முன்னின்று நடத்தியதை அறிக்கை குறிப்பிட்டது. ஆனால் செயலரோடு பொறுப்பு முடிந்துவிடாது என்பதே அதன் மையமான முடிவு. தன் செயலர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு. தனக்குத் தெரியாது என்றோ, தான் ஒப்புதல் தரவில்லை என்றோ சொல்லி விலகிக்கொள்ள முடியாது. டி.டி.கே. சொந்த ஆதாயம் பெற்றார் என்று அறிக்கை சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அவர் அந்தப் பிப்ரவரியில் பதவி விலகினார். மாத இறுதியில் நிதிநிலை அறிக்கையைப் பிரதமர் நேருவே தாக்கல் செய்தார்.

அறிக்கையின் மற்றொரு நெறி இன்றைய செய்திகளோடு நேரடியாகத் தொடர்புடையது. எல்.ஐ.சி. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு எல்.ஐ.சி.க்கு ஆணையிடலாம், ஆனால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். முந்த்ரா விவகாரத்தில் எழுத்தில் எதுவும் இல்லை. தொலைபேசியிலும் நேர்ப்பேச்சிலும் எல்லாம் நடந்தன. தன்னாட்சி பெற்ற நிறுவனத்தின் அன்றாட முடிவுகளில் அரசு தலையிடக் கூடாது, தலையிட்டே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் கொடுத்துப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று சாக்ளா வலியுறுத்தினார். 2022 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் அரசு விற்றது எல்.ஐ.சி.யின் 3.5 விழுக்காட்டை மட்டுமே. ஆகவே, எந்த நிறுவனத்தின் பங்கை எல்.ஐ.சி. வாங்கியது, யார் சொல்லி வாங்கியது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் இன்றும் எழுகிறதென்றால், அதைக் கேட்பவர்கள் 1957இல் போடப்பட்ட தடத்தில்தான் நடக்கிறார்கள்.

இந்த விவகாரத்தில் பெயர் அடிபட்டவர்களின் பொதுவாழ்வு அதோடு முடிந்துவிடவில்லை. டி.டி.கே. 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். எச்.எம். படேல் 1977இல் ஜனதா அரசின் நிதியமைச்சரானார். ஃபெரோஸ் காந்திதான் நீண்ட நாள் இருக்கவில்லை. 1960 செப்டம்பர் 8 அன்று, 48 வயது நிறைவதற்கு நான்கு நாட்கள் இருந்தபோது, டெல்லியில் மாரடைப்பால் காலமானார்.

1975: சட்டம் நீக்கப்படுகிறது

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. ஃபெரோஸ் காந்தி இரு முறை வென்ற அதே ரேபரேலி. அந்த மாத இறுதியில் நெருக்கடி நிலை வந்தது. செய்தித் தணிக்கையும் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் கூடியபோது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையில் பேசினார்கள். அவர்கள் பேசியது நாளிதழ்களில் வரவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது. 1975 டிசம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அதை நீக்கியது. 1976இல் நாடாளுமன்றமும் அந்த நீக்கத்தை நிறைவேற்றியது. ஃபெரோஸ் காந்தி எழுதிய சட்டத்தை அவருடைய மனைவியின் அரசு நீக்கியது என்று இதைப் பலரும் சொல்வதுண்டு. குடும்பக் கதையாகச் சுருக்காமல் பார்த்தால் இன்னும் முக்கியமான ஒன்று புலப்படும். பேச்சுரிமையை முழுவதும் பறிக்காமலேயே பேச்சைச் செயலற்றதாக்க முடியும். அவைக்கும் வாசகருக்கும் இடையிலுள்ள வாசலை மூடினால் போதும். 1956இல் அந்த வாசலைத் திறந்தவருக்கு அதன் முக்கியத்துவம் தெரிந்திருந்தது. 1975இல் மூடியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1977இல் ஆட்சி மாறியதும் முதற்கட்டமாக அதே சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. ஆனால் சாதாரணச் சட்டத்தை இன்னோர் அரசு எளிய பெரும்பான்மையால் நீக்கிவிட முடியும் என்பதைக் கண்ணால் கண்டாகிவிட்டது. அதனால் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், இந்தப் பாதுகாப்பை 361-ஏ என்ற புதிய பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 1979 ஜூன் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சட்டமன்றங்களை விட்டுவிட்ட பழைய குறையும் அப்போது தீர்ந்தது. சென்னையில் சட்டப்பேரவை நடவடிக்கையைச் செய்தியாக எழுதும் நிருபர் இன்று நம்பி எழுதுவது இந்தப் பிரிவைத்தான்.

இன்று எது பாதுகாக்கப்படுகிறது, எது இல்லை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இப்போது திரும்பலாம்.

1. அவையில் நடந்ததைச் சாராம்சத்தில் உண்மையாகச் சொல்லும் நாளிதழ்ச் செய்தி மீதும் ஒலி-ஒளிபரப்பு மீதும், தீய நோக்கம் நிரூபிக்கப்பட்டால் அன்றி, வழக்குத் தொடுக்க முடியாது. பேச்சில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு உண்மையா என்பது இங்கே கேள்வியே இல்லை. அப்படிப் பேசப்பட்டதா என்பதுதான் கேள்வி.

2. ரகசிய அமர்வின் நடவடிக்கைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

3. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களை வெளியிடுவது ஆபத்தானது. சர்ச்லைட் வழக்கு காட்டியபடி, அதை உரிமை மீறலாக அவை கருத முடியும். நேரலையில் லட்சக்கணக்கானோர் கேட்டுவிட்ட சொல் மாலையில் நீக்கப்படும் இந்தக் காலத்தில் இது பெரும் சிக்கலாக வளர்ந்திருக்கிறது.

4. உறுப்பினர் அதே குற்றச்சாட்டை அவைக்கு வெளியே, செய்தியாளர் சந்திப்பிலோ சமூக ஊடகத்திலோ சொன்னால் 105ஆம் பிரிவு அவருக்குத் துணை வராது. 'வெளியே வந்து சொல்லிப் பாருங்கள்' என்று அவையில் சவால் விடப்படுவதன் பொருள் இதுதான்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் ஆணைக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஃபெரோஸ் காந்தி செய்தது கேள்வி கேட்டதும் ஆதாரம் காட்டிப் பேசியதும்தான். அவற்றை அந்தச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆயினும் தேர்தல் சீட்டும் அவையில் பேசும் நேரமும் கட்சித் தலைமையின் கையில் இருக்கும்போது, ஆளுங்கட்சி வரிசையிலிருந்து அத்தகைய குரல் எழுவது மிக அரிதாகிவிட்டது. இது பெரும் இழப்பு. முந்த்ரா விவகாரத்தில் முதல் கேள்வியைக் கேட்டவரும் முக்கிய உரையை ஆற்றியவரும் இருவருமே ஆளுங்கட்சிக்காரர்கள்.

361-ஏ பிரிவின் வாசகத்தில் நாளிதழ் இருக்கிறது; செய்தி நிறுவனம் இருக்கிறது; கம்பியில்லாத் தந்தி வழி ஒலிபரப்பு இருக்கிறது. இணையம் என்ற சொல் இல்லை. அரசின் சன்சத் தொலைக்காட்சியே நடவடிக்கைகளை இணையத்தில் ஏற்றும் காலத்தில், அதிலிருந்து நாற்பது விநாடிகளை வெட்டித் தனியாகப் பரப்புபவர் எந்த வகையில் வருகிறார்? ஒரு மணி நேர உரையில் உறுப்பினர் முதலில் ஒரு குற்றச்சாட்டை எடுத்துச் சொல்லி, அடுத்த நிமிடத்தில் அது தவறு என்று மறுத்திருக்கலாம். முன்பாதியை மட்டும் வெட்டினால், காட்சியில் வரும் ஒவ்வொரு சொல்லும் அவையில் பேசப்பட்டதுதான். அந்தத் துண்டு அவையில் நடந்ததன் சாராம்சத்தில் உண்மையான அறிக்கை ஆகாது. 1956இல் நாளிதழ்ப் பத்திகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த ஒற்றைச் சொற்றொடரே இந்தத் துண்டுக் காட்சிக்கும் பொருந்தும் அளவுகோல்.